ஆள் தேடும் தீவுகள்

1826ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ரம் தீவிலிருந்து ஏறத்தாழ 300 பேர் இரண்டு கப்பல்களில் ஏற்றப்பட்டு, இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். தீவை ஆண்டவர்களுக்குச் செம்மறி மேய்க்க நிலம் வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னும் 50 பேர் அதே வழியில் போனார்கள். பாட்டன் பூட்டன் கல் பொறுக்கிப் பண்படுத்திய நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆடுகள் நின்றன. 2020ஆம் ஆண்டு, அதே ரம் தீவின் மக்கள் அறக்கட்டளை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. புதிதாக நான்கு வீடுகள் கட்டியிருக்கிறோம், சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வந்து குடியிருந்தால் நல்லது என்றது அந்த அறிவிப்பு. அப்போது தீவில் 40 பேர்கூட இல்லை. 400க்கும் மேற்பட்டோர் விருப்பம் தெரிவித்து எழுதினார்கள்.

இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் படித்த நாளிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. தீவுகள் குடும்பங்களை அழைத்துக் குடியேற்றும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அயர்லாந்தின் அரன்மோர் தீவு 2019இல் அமெரிக்கர்களுக்கும் ஆஸ்திரேலியர்களுக்கும் திறந்த மடல் எழுதியது. கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவில் குடியேறும் குடும்பத்துக்கு மாதம் 500 யூரோ தரலாம் என்ற யோசனை உலகச் செய்தியாயிற்று. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம், நகரத்தில் வாடகையும் நெரிசலும் தாங்காத இளம் பெற்றோர்கள் படத்தைப் பார்த்துவிட்டு இரவு முழுக்கக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கனவைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கனவு காண்பவர்களுக்கும் அழைப்பவர்களுக்கும் நடுவே இருக்கும் ஒரு கேள்வியைப் பெரும்பாலான செய்திகள் தொடுவதே இல்லை. அந்த வீடும் நிலமும் யாருடையவை?

இதை நிதானமாகப் பார்க்க ஸ்காட்லாந்தின் ‘சிறு தீவுகள்’ எனப்படும் நான்கு தீவுகள் நல்ல இடம். எக், ரம், மக், கன்னா. நான்குக்கும் மாலெய்க் என்ற ஒரே துறைமுகத்திலிருந்து லாக்நெவிஸ் என்ற ஒரே கப்பல். ஒரே கடல், ஒரே மழை, ஒரே மாவட்ட நிர்வாகம். நிலம் மட்டும் வேறு வேறு கைகளில் இருக்கிறது. ரம்மின் பெரும்பகுதி 1957 முதல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம். கன்னா 1981இலிருந்து ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம். மக் ஒரு குடும்பத்தின் சொத்து. எக் 1997இலிருந்து அங்கே வாழும் மக்களிடம். சோதனைக்கூடத்தில் வைத்தால்கூட இவ்வளவு வசதியாக ஒப்பிட முடியாது.

முதலில் அழைப்பவர்களின் நியாயம். செயின்ட் கில்டா என்ற தொலைதூரத் தீவில் கடைசியாக எஞ்சிய 36 பேர், 1930 ஆகஸ்ட் 29 அன்று, தாங்களே அரசுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டு, கப்பலேறி வெளியேறினார்கள். வேலை செய்யும் வயதுள்ள ஆண்கள் கைவிரலில் எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். படகைத் தண்ணீரில் தள்ள ஆள் இல்லை. செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவை பிடிப்பது அவர்களின் காலங்காலமான பிழைப்பு. கயிற்றை மேலே நின்று பிடிக்க ஆள் வேண்டுமே! ஒரு தீவு கடைசி மனிதர் போகும்போது அழிவதில்லை. அதற்கு வெகு முன்னரே, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே போனவுடன், எஞ்சியவர்களால் அங்கே வாழ முடியாமல் போய்விடுகிறது. ஸ்காட்லாந்தின் தீவுக்காரர்கள் யாரும் செயின்ட் கில்டாவை மறக்கவில்லை.

நகரத்தில் ஒரு வீடு காலியானால் வாடகைப் பலகை தொங்கும், அவ்வளவுதான். 30 பேர் வாழும் தீவில் ஒரு வீடு காலியானால், கப்பல் வரும்போது கரையில் கயிறு பிடிப்பவர் போகிறார், தீயணைப்புக் குழுவில் ஒருவர் குறைகிறார், தபால் பையைச் சுமப்பவர் இல்லை, பள்ளியில் இரண்டு பிள்ளைகள் இல்லை. இவை எல்லாம் ஒரே வீட்டு ஆட்களாக இருக்கலாம். பள்ளி மூடினால் ஆசிரியர் குடும்பமும் போகும். பிறகு பிள்ளை உள்ள வேறு யாரும் வர மாட்டார்கள். ஆகவே ஒரு குடும்பம் வருவது அங்கே பெரிய காரியம். வந்தவர்கள் புதுத் தொழில் கொண்டு வருகிறார்கள். பழைய சண்டைகளில் பக்கம் சாராத ஒரு குரல் கூட்டத்தில் கேட்கிறது. இருபது ஆண்டுகளாக ஒரே முகங்களைப் பார்த்துக் களைத்தவர்களுக்கு அதுவே ஓர் உயிர்ப்பு. இந்த நன்மைகளை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

கன்னாவுக்கு வருவோம். அந்தத் தீவை அறக்கட்டளைக்குக் கொடுத்தவர் ஜான் லோர்ன் காம்ப்பெல். கேலிக் மொழிப் பாடல்களையும் கதைகளையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தவர். 20 பேருக்கும் குறைவாகத் தீவு சுருங்கியபோது, 2006இல், அறக்கட்டளை குடும்பங்களைத் தேடி விளம்பரம் செய்தது. உலகெங்கிலுமிருந்து 350க்கும் மேற்பட்ட விசாரணைகள். அவற்றிலிருந்து இரண்டு குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். செய்தித்தாள்கள் கொண்டாடின. அடுத்த சில ஆண்டுகளில் வந்தவர்களில் சிலர் கிளம்பிப் போய்விட்டார்கள், தீவு மறுபடி பழைய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

போனவர்களைக் குறை சொல்வது எளிது. மழை தாங்கவில்லை, தனிமை தாங்கவில்லை, நகரத்து ஆட்கள் அப்படித்தான் என்று பேசிவிடலாம். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. கன்னாவில் குடியேறிய குடும்பத்துக்கு வீடு வாடகை வீடு. வீட்டுக்காரர் எடின்பரோவில் இருக்கும் ஒரு பெரிய அமைப்பு. கூடுதலாக ஓர் அறை கட்ட வேண்டுமா, விருந்தினர் தங்க ஒரு குடில் போட வேண்டுமா, கேட்டு எழுதிக் காத்திருக்க வேண்டும். அந்த அமைப்பின் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. பழைய கட்டடங்களையும் பறவைகளையும் காப்பது அவர்களின் பிறவிக் கடமை, அதை அவர்கள் செய்தார்கள். ஆனால் ஒரு குடும்பம் ஓரிடத்தில் வேர் விடுவது, அங்கே தன் கையால் ஒன்றைக் கட்டி, அது தன் பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்று நம்பும்போதுதான். கன்னாவின் கடை பூட்டே இல்லாத கடை. இரவு கப்பலில் வந்து ஒதுங்கும் மீனவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு, நோட்டில் எழுதி, பணத்தை வைத்துவிட்டுப் போவார்கள். 2015இல் அங்கே இனிப்புகளும் கையால் பின்னிய கம்பளித் தொப்பிகளும் திருட்டுப் போனது நாடு முழுக்கச் செய்தியாயிற்று. அவ்வளவு நம்பிக்கை நிறைந்த ஊர் அது. அப்படிப்பட்ட ஊரிலும், தன் வீட்டுக்குத் தான் பொறுப்பில்லை என்றால் மனிதர் நிலைப்பதில்லை.

எக் தீவின் கதை வேறு. ஒரு செப்டம்பரில் ஐந்து நாள் அங்கே போயிருந்தேன். மாலெய்க்கிலிருந்து கப்பலில் போகும்போது தீவின் தெற்கு முனையில் ஸ்கர் என்ற கரும்பாறை யானை முதுகு போல எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில் குருலின் என்ற ஊர் இருந்தது. 1853இல் மேல் குருலினின் 14 குடும்பங்களையும் வெளியேற்றினார்கள், அங்கும் செம்மறிக்காகத்தான். சுவர்களின் அடித்தளம் இன்னும் புல்லுக்குள் இருக்கிறது. கால் வைத்து நடந்தால் எங்கே அடுப்பங்கரை, எங்கே வாசல் என்று தெரிகிறது. அங்கே நின்றபோது ஊர் நினைவு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எக்கின் மக்கள் 20ஆம் நூற்றாண்டின் கடைசிவரை ஒரு முதலாளிக்குப் பின் இன்னொரு முதலாளி என்று கைமாறிக்கொண்டே இருந்தார்கள். வாடகைப் பத்திரம் இல்லாத வீடுகள், ஒழுகும் கூரைகள், எப்போது வெளியேறச் சொல்வார்களோ என்ற பயம். 1997 ஜூன் 12 அன்று 15 லட்சம் பவுண்டுக்குத் தீவைத் தாங்களே வாங்கினார்கள். தீவுவாசிகள் சங்கம், மாவட்ட நிர்வாகம், ஒரு வனவிலங்கு அறக்கட்டளை, மூன்றும் சேர்ந்த அமைப்பின் பெயரில். பணம் பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி அதில் பெரும்பங்கைக் கொடுத்தார். அன்று தீவில் ஏறத்தாழ 65 பேர். இன்று 110 பேர் அளவில் இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் நான் கவனிப்பது ஒன்று. எக், குடும்பங்களைத் தேடி உலகுக்கு மடல் எழுதியதாக எனக்கு நினைவில்லை. முதலில் குடியிருந்தவர்களுக்கு நீண்டகால உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். கூரைகளைச் சரிசெய்தார்கள். படகுத் துறையருகே கடையும் தேநீர்க்கடையும் தபாலகமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. பிறகு மின்சாரம். வெளியே படிக்கப் போன பிள்ளைகள் இதைப் பார்த்தார்கள். அவர்களில் பலர், சிலர் துணையையும் கூட்டிக்கொண்டு, திரும்பி வந்து, தீவை வாங்கிய அமைப்பு கொடுத்த மனையில் சொந்தக் கையால் சிறு வீடு கட்டிக்கொண்டார்கள். புதியவர்களும் வந்தார்கள், அழைப்புக்காக அல்லாமல், இங்கே வந்தால் காலூன்றலாம் என்று தெரிந்து வந்தார்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2008 பிப்ரவரி வரை எக்கில் பெரும்பாலான வீடுகளில் டீசல் ஜெனரேட்டர். ராத்திரி நிறுத்திவிடுவார்கள். இப்போது நீர், காற்று, சூரியன் மூன்றிலிருந்தும் தீவே மின்சாரம் எடுக்கிறது. அதற்கு ஒரு விதி உண்டு. ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. தொழில் நடக்கும் இடத்துக்கு 10. நான் தங்கிய வீட்டு அம்மா தேநீர் போடக் கெட்டிலைத் தட்டப் போனவர், கையை எடுத்துவிட்டு, பக்கத்து அறையில் துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீர் சூடாக்கும் சத்தம் நிற்கும்வரை கொஞ்சம் காத்திருந்தார். இரண்டும் சேர்ந்தால் 5ஐத் தொட்டுவிடும். தாண்டினால் வீட்டு மின்சாரம் நின்றுவிடும். பராமரிப்புக் குழு ஆள் வந்து இணைத்துக் கொடுக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. அந்தக் குழு ஆள் வேறு யாருமில்லை, நான்கு வீடு தள்ளி இருப்பவர். காற்றும் மழையும் மிகுந்து மின்சாரம் மிஞ்சும் நாட்களில் அதை ஊர் மண்டபத்தையும் தேவாலயத்தையும் சூடாக்கத் திருப்பிவிடுகிறார்கள்.

அந்த அரை நிமிடக் காத்திருப்பில் தீவு வாழ்க்கையின் பாரம் முழுக்க இருப்பதாக எனக்குப் பட்டது. யாரோ ஓர் அதிகாரி போட்ட கட்டுப்பாடாக இருந்தால் அந்த அம்மா எரிச்சல்பட்டிருப்பார். ஊர்க் கூட்டத்தில் தானும் உட்கார்ந்து, எல்லோருக்கும் சம அளவு என்று ஒத்துக்கொண்ட விதி என்பதால், உப்புப் போடுவது போல இயல்பாகக் காத்திருந்தார். புதிதாக வரும் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் இதுதான். விதியைச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. விதி போடும் கூட்டத்தில் நாற்காலியும் கொடுக்க வேண்டும்.

எக்கிலும் குறைகள் இல்லாமல் இல்லை. ஊர்க் கூட்டங்கள் நீளும், மனஸ்தாபங்கள் வரும். எல்லோரும் எல்லாக் குழுவிலும் இருப்பதால் ஓய்ந்துபோகிறார்கள். பகல் வேலை முடிந்து வந்தவர் மாலையில் மூன்று குழுக்களின் கணக்கைப் பார்க்கிறார். நோயாளியைப் பெருநிலத்துக்குக் கொண்டுபோகப் படகோ ஹெலிகாப்டரோ வர வேண்டும். இந்தக் களைப்பைப் பற்றி ஆசை காட்டும் படங்கள் பேசுவதில்லை. போக நினைக்கும் கணவனும் மனைவியும் இதை இருவருமாக உட்கார்ந்து பேசிவிட்டே கிளம்ப வேண்டும். ஒருவரின் கனவுக்காக மற்றவர் தீவில் சிறைப்படுவதைவிடப் பெரிய கொடுமைகள் குறைவு.

பணம் கொடுத்தால் சரியாகிவிடுமா? ஸ்காட்லாந்து அரசு 2021இல் அப்படி ஒரு திட்டத்தை முன்வைத்தது. மக்கள் குறையும் தீவுகளில் குடியேறவோ தங்கவோ, மொத்தம் 100 குடும்பங்களுக்குத் தலா 50,000 பவுண்டு வரை. தீவுகளிலிருந்து வந்த பதில்கள் அரசை வியக்கவைத்திருக்கும். பணத்தை ஒருவர் கையில் கொடுத்தால் பக்கத்து வீட்டில் ஆண்டாண்டாகத் தாக்குப்பிடித்தவர் என்ன நினைப்பார் என்று கேட்டார்கள். வீடு இல்லாத இடத்தில் 50,000 பவுண்டோடு வருபவர் எங்கே தங்குவார் என்று கேட்டார்கள். கப்பலைச் சரியாக ஓட்டுங்கள், வீடு கட்டுங்கள் என்றார்கள். 2022இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. மக்கள் சொன்னதைக் கேட்டு ஓர் அரசு தன் அறிவிப்பைத் திரும்பப் பெறுவது அபூர்வம், அதற்காக அந்த அரசைப் பாராட்ட வேண்டும்.

கப்பல் விஷயத்தில் பாராட்ட ஒன்றுமில்லை. 2015இல் இரண்டு புதிய கப்பல்களுக்கு 97 மில்லியன் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முதல் கப்பல் 2018இல் ஓட வேண்டியது, 2025 ஜனவரியில்தான் பயணிகளை ஏற்றியது. செலவு பல மடங்காகிவிட்டது. பழைய கப்பல் ஒன்று பழுதானால் வேறு வழியிலிருந்து ஒன்றை எடுக்கிறார்கள். அந்தச் சங்கிலியின் கடைசியில் ஏதோ ஒரு சிறு தீவில் பால்மாவும் மருந்தும் வராமல் கடைக்காரர் கரையில் நிற்கிறார். புதுக் குடும்பத்தை வரவேற்கும் சுவரொட்டிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

இனிப் பிள்ளைகள். இந்த வழக்கத்தில் என்னை மிகவும் உறுத்துவது இங்கேதான். குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைகளின் வயதைப் பார்க்கிறார்கள். பள்ளி நிலைக்க எத்தனை தலை வேண்டும் என்பது கணக்கு. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு கட்டடம் மூடாமல் இருக்கக் காரணமாகிறாள். அவளுக்கு அது தெரியாது, ஆனால் அவள் பெற்றோருக்குத் தெரியும். பிள்ளைக்குத் தனிமையாக இருக்கிறது, போய்விடலாமா என்று யோசிக்கும் இரவில், நாங்கள் போனால் பள்ளி மூடிவிடுமே என்ற எண்ணம் அவர்களின் கழுத்தில் தொங்கும். எந்த ஊரும் ஒரு குழந்தையின் தலையில் அவ்வளவு பாரத்தை வைக்கக் கூடாது.

ஆரம்பப் பள்ளி வயதில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அருமையானது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறேழு பேருக்கு ஓர் ஆசிரியர், ஜன்னலுக்கு வெளியே கடல், ஊரில் எந்த வீட்டுக் கதவையும் தள்ளிக்கொண்டு போகலாம். என் ஊர்ப் பள்ளியில் நாற்பது பேர் ஒரே வகுப்பில் நெருக்கியடித்துப் படித்த எனக்கு அதைப் பார்த்தபோது ஏக்கம் வந்தது. ஆனால் பன்னிரண்டு வயதானதும் மாலெய்க்கில் உள்ள மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். தினமும் போய்வர முடியாது. வாரநாட்களில் அங்கேயே விடுதியில். வெள்ளிக்கிழமை கடல் கொந்தளித்தால் வீடு வர முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பிரிய முடியாத தாய் அந்த வயதில் தீவை விட்டே கிளம்பிவிடுகிறாள். கூடவே தம்பி தங்கைகளும் போகிறார்கள். ஆக, ஐந்து வயதுப் பிள்ளையோடு அழைத்து வந்த குடும்பத்தை ஏழு ஆண்டுகளில் அதே பள்ளிக்கூடக் கணக்கே வெளியே அனுப்புகிறது.

இந்த இடத்தில் ஜப்பானின் அமா என்ற ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஷிமானே மாநிலத்தின் ஓகி தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ 2,300 பேர் வாழும் தீவு ஊர். அங்கே இருந்த டோசென் மேல்நிலைப் பள்ளியில் 2008இல் 89 மாணவர்கள். மூடும் நிலை. பள்ளி மூடினால் பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு குடும்பங்களும் போய்விடும் என்று ஊர் உணர்ந்தது. பள்ளியையே பெரிதாக்கினார்கள். பெருநிலத்திலிருந்து மாணவர்கள் வந்து விடுதியில் தங்கிப் படிக்க வழி செய்தார்கள். தீவின் மீன்பிடியையும் வயலையும் ஊராட்சியையும் பாடமாக வைத்தார்கள். பத்தாண்டுகளில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியேறாமல் படிக்க முடிந்தது. 2,300 பேருக்குச் செய்ய முடிந்ததை 40 பேருக்குச் செய்ய முடியாது என்பது நியாயமான மறுப்புத்தான். என்றாலும் பிள்ளை எந்த வயதில் வெளியேறுகிறது, ஏன் வெளியேறுகிறது என்று தேடி, அந்தக் கதவை முதலில் அடைத்த அறிவு அமாவிடம் இருந்தது.

மொழியைப் பற்றி ஒரு சொல். சிறு தீவுகளும் அடங்கிய ஹெப்ரிடிஸ் தீவுகள் கேலிக் மொழியின் கடைசிக் கோட்டை. மேற்குத் தீவுகள் நிர்வாகப் பகுதியிலேயே கேலிக் பேசுவோர் 2022 கணக்கெடுப்பில் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். குடியேறும் குடும்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவர்கள். நாலு கேலிக் பேசும் பிள்ளைகள் உள்ள பள்ளி முற்றத்தில் ஓர் ஆங்கிலப் பிள்ளை வந்து சேர்ந்தால் விளையாட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடும். இதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் தீவைக் காப்பாற்ற வந்தவர்களால் தீவின் பேச்சு போய்விட்டால் காப்பாற்றியது எதை என்று, மொழிக்காக இவ்வளவு பாடுபட்ட இனத்தில் பிறந்த என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேலிக் கற்பது குடியேற நிபந்தனையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கற்க விரும்பும் குடும்பத்துக்கு முன்னுரிமை கொடுப்பது தவறில்லை என்பேன்.

குருலினின் சுவர்களுக்கு நடுவே எனக்கு வந்த ஊர் நினைவு புங்குடுதீவு. என் அம்மாவின் ஊர். யாழ்ப்பாணத் தீவகத்தில் வேலணையிலிருந்து தாம்போதி வழியே போய்ச் சேரும் தீவு. அதன் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகுகள் அங்கிருந்துதான் புறப்படும். 1990இலும் 91இலும் போர் வந்து தீவகத்தைக் காலியாக்கியது. செம்மறிக்காக அல்ல, ஆனாலும் வெறிச்சோடிய வளவு எல்லா நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. பாரிசிலும் டொரொண்டோவிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். கோயில்கள் வெளிநாட்டுப் பணத்தில் புதிதாக எழுந்து நிற்கின்றன. தேர் இழுக்கும் நாளில் ஆட்கள் வருகிறார்கள். கொடியிறக்கிய மறுநாள் தெரு மறுபடி வெறிச்சோடும். எங்கள் வீட்டு முற்றத்தில் வடலிகள் ஆளுயரம் வளர்ந்திருக்கின்றன. கதவில் பூட்டு. திறப்பு கனடாவில்.

அங்கேயும் குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்த வேண்டும் என்ற பேச்சு வெளிநாட்டுச் சங்கங்களின் கூட்டங்களில் எழுவதை நான் கேட்டிருக்கிறேன். நல்ல மனசோடுதான் பேசுகிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரியனும் கலந்த மின்திட்டம் ஒன்றுக்கு 2022இல் இந்தியாவோடு உடன்பாடு ஆகியிருக்கிறது. நல்லதே. ஆனால் எக்கின் கதையை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. அங்கே ஒரே முதலாளி. பணம் திரட்டி அவரிடமிருந்து ஒரே பத்திரத்தில் வாங்கினார்கள். தீவகத்தில் ஒவ்வொரு வளவுக்கும் ஏழெட்டுப் பங்குக்காரர். ஒருவர் லண்டனில், ஒருவர் ஒஸ்லோவில், ஒருவர் காணாமல் போனவர். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையின்படி ஒரு பங்கை விற்பதென்றால் மற்றப் பங்காளிகளுக்கும் வாரிசுகளுக்கும் முன்னுரிமை உண்டு. சிலருடைய காணி உறுதிகள் போரில் எரிந்துபோயின. புதிதாக வரும் குடும்பம் இந்தச் சிக்கலுக்கு நடுவே யாரிடம் போய்க் காலூன்ற ஓர் அடி மண் கேட்கும்?

ஸ்காட்லாந்தில் தூரத்து முதலாளி ஒருவர் என்றால், எங்கள் தீவுகளில் தூரத்து முதலாளிகள் ஆயிரம் பேர், அவர்களில் நானும் ஒருத்தி. விற்க மனமில்லை, இருக்க வழியில்லை. இருபது, முப்பது ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். வேலி கட்டவும் கூரை மாற்றவும் மரம் நடவும் முழு உரிமையோடு, வாடகை பெயரளவுக்கு, உரித்து எங்களிடமே. பத்து வளவுக்காரர் சேர்ந்து இதைச் செய்தால் பத்துக் குடும்பத்துக்கு வழி பிறக்கும். யாரை இருத்துவது என்பதை வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. இன்றும் அங்கே உவர்த் தண்ணீரோடும் தண்ணீர் கொண்டுவரும் பவுசரோடும் மல்லுக்கட்டி வாழ்கிறவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

போன மாதம் டொரொண்டோவில் இருக்கும் பெரிய மாமாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அம்மாவின் மூத்த அண்ணன், எண்பத்து மூன்று வயது, திறப்பு அவரிடம்தான் இருக்கிறது.

“ஆர் பிள்ளை அங்க போய் இருக்கப் போகினம்?” என்றார்.

“ஆரும் வந்தால் எழுதிக் குடுப்பியளோ மாமா?”

வெகுநேரம் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, பின்வளவுக் கிணற்றில் தண்ணி இன்னும் குடிக்கிற மாதிரி இருக்கோ, ஆரையும் விட்டுப் பாக்கச் சொல்லேலுமோ என்று கேட்டார்.